கடிகாரம் கத்தியது, நாங்கள் உஷாராக இருந்தோம்

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை பிற்பகல். என் மனைவியின் அண்ணன் வேலுச்சாமி, சோழபுரம் போகிற வழியில் ஒரு வறண்ட ஓடைக்குள், தன் பைக்குக்கு அடியில் கிடந்தார். அதே நேரத்தில் நானும் அவர் மனைவியும் போனில் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டிருந்தோம்.

எதற்கு? அவருடைய கடிகாரம் அனுப்பிய அபாயச் செய்தியை நம்பாமல் இருந்ததற்கு!

பதற வேண்டாம். ஆள் நலம். நேற்றுக்கூட உப்புமாவில் உப்பில்லை என்று சண்டை போட்டார் — அந்த அளவுக்கு நலம். 

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். நாளும் கிழமையும் இல்லாமல் எனக்கு எதையும் சொல்ல வராது. எனவே வரிசையாகவே வருகிறேன். ஆடி, ஆவணி, புரட்டாசி. மூன்று மாதம், ஒரு கடிகாரம்.

மச்சான் சேத்தூர்க்காரர். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். சவரம் பண்ணும்போது ஒரு கீறல் விழுந்தாலே லேசில் நிற்காது. ‘பைக்கை விடுங்க’ என்று டாக்டர் சொன்னார், மனைவி கனி சொன்னாள், மகன் கதிர் சொன்னான். மச்சான் டாக்டரை மாற்றிவிட்டார்.

கதிர் காவல்துறையில் இருக்கிறான். வேறு மாவட்டத்தில், சைபர் குற்றப் பிரிவில். ‘இனி சொல்லிப் பயனில்லை’ என்று, ஆனி மாதம் லீவில் வந்தபோது ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கி அப்பா கையில் கட்டிவிட்டான்.

“நீங்க விழுந்தா இது கண்டுபிடிச்சிரும்ப்பா. ‘நல்லா இருக்கீங்களா’ன்னு கேக்கும். நீங்க பதில் சொல்லலைன்னா அதுவே 112-க்குப் போன் போட்டிரும். எங்களுக்கு எடத்தோட மெசேஜும் வந்திரும்.”

“ஏலே, நான் விழுந்தா எனக்குத் தெரியாதாக்கும்? அதை இது வேற சொல்லணுமா?”

செய்தி போக வேண்டிய ஆட்கள் மூன்று பேர். கனி, கதிர், நான். என் மனைவி சரசு பட்டியலில் இல்லை. “அத்தை போன் எப்பவும் ஹேங்காகிக் கெடக்கும்” என்றான் கதிர். கண்ட லிங்கையும் தொட்டுத் தொட்டு அவள் போன் நொந்துபோயிருந்தது உண்மைதான். ஆனாலும் சரசுவுக்கு வருத்தம்.

சும்மா இருப்பேனா? இந்தக் கடிகாரம் எப்படித்தான் கண்டுபிடிக்கிறது என்று தேடிப் படித்தேன். உள்ளே அசைவை அளக்கிற சில்லுகள் இருக்கின்றன. போய்க்கொண்டிருந்த வேகம் பட்டென்று அறுந்து, ஒரு பெரிய அதிர்ச்சி வந்து, கேட்டதற்கு ஆளிடமிருந்து பதிலும் வராவிட்டால் அது ‘விபத்து’ என்று முடிவெடுக்கிறது. முடிவெடுக்கிறது என்பதைவிட, ஊகிக்கிறது. ஊகம் என்றால் தப்பும் வரும். வெளிநாட்டில் ரோலர் கோஸ்டரில் ஏறியவர்களின் கருவிகள், ‘எங்கள் முதலாளி விபத்தில் மாட்டிக்கொண்டார்’ என்று போலீசைக் கூப்பிட்ட கதையெல்லாம் உண்டு.

எங்கள் பக்கம் ரோலர் கோஸ்டர் கிடையாது. தேர் இருக்கிறது.

ஆடிப்பூரம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர். மச்சான் வருஷம் தவறாமல் வடம் பிடிப்பவர். ‘ஸ்டென்டோடு தேர் இழுப்பாரா ஒரு மனுஷன்’ என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். “ஆண்டாளே பாத்துக்கிடுவா” என்றார். கூட்டத்தில் நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தேர் ஓர் இழுப்பு நகர்ந்தது. வடம் திடீரென்று இளகியது. நாலைந்து பேரோடு மச்சானும் பின்பக்கமாக உட்கார்ந்தார். உடனே சிரித்துக்கொண்டே எழுந்து மறுபடி வடத்தைப் பிடித்தார்.

என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், ‘வேலுச்சாமி பலமாக விழுந்துவிட்டார். அவர் இருக்குமிடம் இதோ.’

இருக்குமிடம் எனக்கு எதற்கு? பலமாக விழுந்தவர் என் கண் முன்னால் ‘கோவிந்தா!’ போட்டுக்கொண்டிருந்தார்! கடிகாரம் அவர் மணிக்கட்டில் துடித்துத் துடித்து ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டிருக்கிறது. இரண்டு கையும் வடத்தில். அதை நிறுத்துவது யார்? மேளச் சத்தத்தில் அது கூவியதும் கேட்கவில்லை. 112-க்கு அழைப்பு போய், எதிர்முனையில் ஒரு பொறுமைசாலி “சொல்லுங்க சார், என்ன அவசரம்?” என்று கேட்டிருக்கிறார். கையிலிருந்து குரல் வந்ததும் மச்சான் மிரண்டு போய்க் கத்தினார்:

“அவசரம் ஒண்ணுமில்லைய்யா, தேர் இழுக்கோம்!”

சேத்தூரில் இருந்த கனி பாதி உயிராகி, பஸ் ஏறி ராஜபாளையம் வரைக்கும் வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் அவள் பேசிய பேச்சை அச்சில் போட முடியாது.

சரி, அதிகமாகக் கத்துகிறது என்று வைத்துக்கொண்டோம். அடுத்த வாரமே தோட்டத்து மோட்டார் ரூம் பாசியில் மச்சான் சறுக்கி, மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். இடுப்பில் நல்ல அடி. கடிகாரம் வாயே திறக்கவில்லை. மெதுவாக விழுந்தால் அதற்கு விழுந்த கணக்கில்லை போலும். கத்த வேண்டாத இடத்தில் கத்துகிறது, கத்த வேண்டிய இடத்தில் சும்மா இருக்கிறது... சில மனிதர்களைப் போல. எங்கள் வீட்டில் அதன் மரியாதை அன்றோடு போனது.

ஆவணி வந்தது. முகூர்த்த மாதம். சரசுவின் வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. தெரிந்தவர் நம்பரிலிருந்துதான். ஆவணியில் பத்திரிகை வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? திறந்தாள். அது பத்திரிகை இல்லை, போனைப் பிடித்துக்கொள்கிற ஏதோ ஒரு திருட்டு வேலை. கொஞ்ச நேரத்தில் அவள் போனிலிருந்து அதே பத்திரிகை சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போய்விட்டது. “யாருக்குட்டி கல்யாணம்? ஒரு வார்த்தை சொல்லலியே!” என்று சித்தி முறைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள்.

கதிர் அன்றைக்குக் குடும்பக் குழுவில் ஓர் உத்தரவு போட்டான். ஆடியோ மெசேஜ். போலீஸ் குரல்.

“யாரும் எந்த லிங்கையும் தொடக் கூடாது. தெரிஞ்ச நம்பர்லேர்ந்து வந்தாலும் தொடக் கூடாது. எமர்ஜென்சி, ஆக்சிடென்ட்டுன்னு வந்தா ரெண்டு மடங்கு உஷாரா இருங்க, அப்படிச் சொல்லித்தான் பதற வைப்பானுக. அத்தை, உங்களுக்குத் தனியாச் சொல்றேன்... நீங்க போனையே தொடாதீங்க.”

எல்லோரும் கட்டைவிரல் போட்டோம். சரசு மட்டும் போடவில்லை. போனைத் தொடக் கூடாதே!

கவனித்தீர்களா? அப்பா கையில் கடிகாரத்தைக் கட்டிவிட்டவனும் அவனே. கடிகாரம் லிங்கோடு எமர்ஜென்சி செய்தி அனுப்பும்படி அமைத்தவனும் அவனே. அதைத் தொடாதே என்று உத்தரவு போட்டவனும் அவனே. அப்போது எங்களில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. போலீஸ் குடும்பம் அல்லவா, கட்டுப்பாடு அதிகம்.

இப்போது புரட்டாசிக்கு வருகிறேன்.

அந்தச் சனிக்கிழமை சரசு காலையிலேயே திருவண்ணாமலை போய்விட்டாள். தீபம் ஏற்றுகிற திருவண்ணாமலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் குன்றின் மேல் பெருமாள் நிற்கிற திருவண்ணாமலை. புரட்டாசிச் சனி என்றால் அங்கே எள் விழ இடமிருக்காது. ராஜபாளையத்தில், வீட்டில் நான் மட்டும். சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் புத்தகமும் கையுமாக இருந்தேன்.

போன் டிங் என்றது. மச்சான் நம்பர். ஆங்கிலத்தில் ஒரு செய்தி. வேலுச்சாமி கடும் விபத்தில் சிக்கியிருப்பதாகத் தெரிகிறது, அவர் இருக்குமிடம்... அதற்குக் கீழே நீலத்தில் ஒரு லிங்க்.

நான் யோசிப்பதற்குள் கனியின் அழைப்பு.

“அண்ணே, அவிய நம்பர்லேர்ந்து எமர்ஜென்சின்னு ஒரு லிங்கு வந்திருக்கு. உங்களுக்கும் வந்துச்சா?”

“வந்திருக்கு தாயி. தொட்டுறாத.”

“நான் தொடுவனா? கதிரு கொன்னே போட்டிருவான்.”

“மச்சானுக்கு ஒரு போன் போட்டுப் பாத்தியா?”

“போட்டேன். ரிங்கு போகுது, எடுக்கலை. வண்டில இருந்தா எடுக்க மாட்டாகள்ல.”

“எங்க போயிருக்காரு?”

“கெளம்புறப்ப எங்கன்னு கேப்பாகளாண்ணே?”

கேட்க மாட்டார்கள்தான். எங்கள் பக்கத்தில் வாசலைத் தாண்டுகிறவரிடம் ‘எங்கே போறீக’ என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. போகிறவரும் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டார், ‘போயிட்டு வாரேன்’ என்பார். எங்கே போய், எப்போது வருவார்? அது போகிறவருக்கும் தெய்வத்துக்கும் மட்டுமே தெரியும்.

“ராஜபாளையத்துக்குத்தான் வந்திருப்பாக. டயர் மாத்தணும்னாக” என்றாள் கனி. “ஒண்ணு, எவனோ போனைப் புடிச்சிருக்கான். இல்லைன்னா வாட்ச்சு மறுபடி தேர் இழுக்குது.”

இரண்டு பேரும் சிரித்தோம்.

“நல்ல வெவரமான ஆளு தாயி நீ.”

“நீங்க மட்டும் என்னவாம்ண்ணே... எம்புட்டுப் பேரு இதுல ஏமாந்து போறாக!”

போனை வைத்துவிட்டு நான் புத்தகத்தில் விட்ட இடத்தைத் தேடினேன். காபி போட்டுக் குடித்தேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சரசு வந்தாள். காலெல்லாம் புழுதி, கையில் துளசி. பிரசாதத்தைக் கொடுத்துக்கொண்டே ஊர்க்கதை கேட்டாள். நான் இந்தக் கதையைச் சிரிப்பாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“எங்க, காட்டுங்க.”

காட்டினேன்.

“எங்க அண்ணன் பேரு போட்டிருக்கு.”

“பேரு போட்டுத்தான் அனுப்புவான். ஏட்டி, தொடாத! கதிர் என்ன சொன்னான்?”

“கதிரு ஆயிரம் சொல்லுவான். எங்க அண்ணன் பேர்ல வந்தா, நான் ஏமாந்துட்டே போறேன்.”

தொட்டுவிட்டாள்.

வரைபடம் விரிந்தது. ஒரு சிவப்புப் புள்ளி. ராஜபாளையத்தில் இல்லை. டயர் கடையில் இல்லை. டீக்கடையில் இல்லை. சோழபுரம் பாதையில், வீடே இல்லாத இடத்தில், ஒரு நீலக் கோட்டை ஒட்டி நின்றது. அசையவில்லை.

“இது ஓடைதான?” என்றாள் சரசு. “எங்க அண்ணன் எதுக்கு ஓடைக்குள்ள இருக்காரு?”

 எனக்கு மாத்திரை ஞாபகம் வந்தது. லேசில் நிற்காத ரத்தம் ஞாபகம் வந்தது. காபி ஞாபகமும் வந்தது.

108-க்குச் சொன்னேன். கேட்டவர்களுக்கு அந்தப் புள்ளியை வைத்தே இடத்தைச் சொல்ல முடிந்தது. காரை எடுத்தோம். வழியெல்லாம் சரசு போனைக் கையில் ஏந்தியபடி வந்தாள். புள்ளி தவறி விழுந்துவிடும் என்பது போல.

பாலத்தை ஒட்டி நிறுத்தினோம். ரோட்டிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தை நாங்கள் நூறு தடவை கடந்திருந்தாலும் கண்டிருக்க மாட்டோம். கருவேலம் புதர். அதற்குக் கீழே பள்ளம்.

“அண்ணே!” என்று சரசு கத்தினாள்.

பள்ளத்துக்குள்ளிருந்து பதில் வந்தது. மெலிந்த குரல். ஆனால் சுபேதார் குரல்.

“எம்புட்டு நேரமாக் கெடக்கேன்! வாட்ச்சு எப்பவோ சொல்லிருச்சுல்ல?”

 சரசு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, “வழி தெரியாமச் சுத்திட்டோம்ண்ணே” என்றாள். அவள் திறந்த லிங்குகளுக்கெல்லாம் நான் அந்தக் கணமே மன்னிப்பு வழங்கிவிட்டேன்.

இடது கையும் காலும் வண்டிக்கு அடியில். வலது தோள் எலும்பு உடைந்து கை தொங்கியது. முழங்காலுக்குக் கீழே வெட்டு. வேட்டி நனைந்திருந்தது. என் துண்டால் இறுக்கிக் கட்டினேன். வண்டியைத் தூக்க முயன்றுகொண்டிருக்கும்போதே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. வாழ்க்கையில் அதைவிட இனிமையான சங்கீதம் நான் கேட்டதில்லை.

ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே மச்சான் நடந்ததைச் சொன்னார். சோழபுரத்தில் கூடப் பட்டாளத்தில் இருந்த ஒருவரைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறார். காட்டிலிருந்து ஒரு மயில் தாழப் பறந்து நேராக மார்பில் மோதியிருக்கிறது.

“வேலுச்சாமின்னு பேரு வச்சுக்கிட்டு, மயில் வந்து மோதுனா யாரைப் போயித் திட்ட, மாப்ளே?”

கடிகாரம் கேட்டிருக்கிறது, ‘நல்லா இருக்கீங்களா?’ அவரால் கையை அசைக்க முடியவில்லை. 112-க்கு அழைப்பு போயிருக்கிறது. ஆனால் பள்ளத்துக்குள் டவர் ஒற்றைக் கோடு. யாரோ பேசத் தொடங்கியதும் அறுந்துவிட்டது. குறுஞ்செய்தி மட்டும் எப்படியோ அந்த ஒற்றைக் கோட்டைப் பிடித்துக் கரையேறிவிட்டது. வண்டியின் டேங்க் கவருக்குள் இருந்த போன், கனி கூப்பிட்டபோது அடித்திருக்கிறது.

“என் ரிங்டோனை நானே முழுசாக் கேட்டது இன்னைக்குத்தான்” என்றார். “ஆனாலும் பயமில்லை. மெசேஜ் போயிருச்சு, நம்ம ஆளுக பொறப்பட்டிருப்பாகன்னு நிம்மதியாக் கெடந்தேன்.”

நம்ம ஆளுக! நிம்மதியா!

ஆம்புலன்சுக்குப் பின்னால் காரில் போகும்போது கதிர் அழைத்தான். பந்தோபஸ்தில் இருந்தானாம், போன் ஜீப்பில் கிடந்ததாம். இப்போதுதான் பார்க்கிறானாம்.  குரலில் போலீசே இல்லை.

“மாமா... மெசேஜ் பாத்தேன். லிங்கை... லிங்கைத் தொட்டீங்களா?”

“உன் அத்தை தொட்டா.”

 மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“நல்லவேளை” என்றான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, “ரத்தம் நிறையப் போயிருக்கு. ஆனா கன்ட்ரோல் பண்ணியாச்சு. நேரத்துக்குக் கொண்டு வந்துட்டீங்க, பயப்பட ஒண்ணுமில்லை” என்றார். நானும், தகவல் கேட்டு ஆட்டோ பிடித்து ஓடி வந்திருந்த கனியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தலையாட்டினோம். அவர் போனதும் கனி மெதுவாகச் சொன்னாள்:

“அண்ணே, நாம பேசிக்கிட்டத அவியட்டச் சொல்லிராதீக.”

“நான் எங்க தாயி சொல்லப் போறேன்.”

சொல்லத் தேவையிருக்கவில்லை. மெசேஜ் போன நேரம் கடிகாரத்திலேயே இருக்கிறதாம். கட்டுப் போட்ட தோளோடு மச்சான் அதைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டார். சிரிக்கக் கூடாது, தோள் வலிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேட்கவில்லை.

“ரெண்டு வெவரமான ஆளுகளாச் சேந்து என்னைய ஓடைலேயே அடக்கம் பண்ணிருப்பீக!”

பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறார். தோட்டத்து ஆள் முதல் பட்டாளத்து நண்பர் வரை. அவர் வாயால் ஊர் முழுக்கத் தெரிவதற்கு முன் நானே எழுதிவிடுவது மேல் என்றுதான் இந்த வாரம் உட்கார்ந்தேன்.

‘அந்தக் கடிகாரத்தை நம்பலாமா?’ என்று பலரும் என்னைக் கேட்கிறார்கள். நம்பலாம்... கண்ணை மூடிக்கொண்டு அல்ல. தேரில் தப்பாகக் கத்தியது. மோட்டார் ரூமில் வாயை மூடிக்கொண்டது. ஓடையில் பாதி வேலையைச் செய்தது. ஆனால் அந்தப் பாதி இல்லை என்றால், சரசு எதைத் தொட்டிருப்பாள்? நாங்கள் டயர் கடை, டீக்கடை என்று தேடி முடிக்கும்போது இருட்டியிருக்கும். மறுபாதி வேலை கடிகாரத்தினுடையது அல்ல. கத்துவதைக் கேட்டு, ‘ஏமாந்தாலும் பரவாயில்லை’ என்று எழுந்து ஓடுகிற ஓர் ஆள் வேண்டும். அந்த உதிரிபாகத்தை எந்தக் கம்பெனியும் பெட்டிக்குள் வைத்துத் தருவதில்லை.

கதிர் லீவில் வந்து ஓர் ஒத்திகை நடத்தினான். கடிகாரம் அனுப்பும் செய்தி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் காட்டினான். வந்தால் முதலில் ஆளைக் கூப்பிட வேண்டும், எடுக்கவில்லை என்றால் நிஜம் என்றே வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், கூடவே 112-க்கோ 108-க்கோ சொல்லிவிட வேண்டும். உங்கள் வீட்டில் யார் கையிலாவது இப்படி ஒரு கடிகாரம் இருந்தால், இந்த ஒத்திகையை இன்றைக்கே நடத்திவிடுங்கள். செய்தி போகிறவர்களின் பட்டியலில் இப்போது சரசுவின் பெயர் இருக்கிறது. முதல் பெயர்.

மச்சான் எழுந்து நடமாடுகிறார். பைக் இல்லை, ஊன்றுகோல். சாயங்காலம் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால் கனி பின்னாலேயே வருகிறாள். எங்கே என்று இன்னும் கேட்பதில்லை. சகுனம் சகுனம்தான். “வாட்ச் கட்டியிருக்கீகளா?” என்று மட்டும் கேட்கிறாள்.

“கட்டியிருக்கேன், கட்டியிருக்கேன்” என்கிறார் மச்சான். இரண்டடி வைத்தபின் திரும்பி, “டீக்கடை வரைக்கும் போயிட்டு வாரேன்” என்கிறார்.

யாரும் கேட்காமலே இருக்குமிடம் சொல்வதற்கு, மனிதர் கடிகாரத்திடம் கற்றுக்கொண்டுவிட்டார்!